மகனுக்காக அழு, அதோடு நிறுத்திக்கொள்: ரிச்சர்ட் டி சொய்சா கொலையும் துக்கத்துக்குப் போடப்பட்ட எல்லையும்

1990இல் கொழும்பில் வாழ்ந்த ஒரு மருத்துவருக்கு மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. அதன் சாரம் இது: உன் மகன் செத்ததற்காகத் துக்கம் காத்துக்கொள், தாய் என்ற முறையில் அதை நீ செய்யத்தான் வேண்டும், அதற்கு மேல் ஏதாவது செய்யப் போனால் நீ எதிர்பாராத நேரத்தில் உனக்கும் சாவு வரும், மௌனம் ஒன்றுதான் உன்னைக் காப்பாற்றும்.

கடிதத்தைப் பெற்றவர் மனோராணி சரவணமுத்து. தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மகன் ரிச்சர்ட் டி சொய்சா தொலைக்காட்சியில் ஆங்கிலச் செய்தி வாசித்தவர், பத்திரிகையாளர், நடிகர், கவிஞர். அந்த ஆண்டு பெப்ரவரியில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31.

மிரட்டல் கடிதம் என்றால் ‘வாயை மூடு’ என்று எழுதியிருக்கும். இந்தக் கடிதம் கொஞ்சம் வேறு மாதிரி. அழுவதற்கு அனுமதி கொடுக்கிறது. அனுமதிகூட இல்லை, அழச் சொல்லிக் கட்டளையே இடுகிறது. பிறகு ஒரு கோடு போடுகிறது: இந்தப் பக்கம் கண்ணீர், அந்தப் பக்கம் மற்ற எல்லாம். அந்த ‘மற்ற எல்லாம்’ எவை, அவற்றுக்கு ஏன் அவ்வளவு பயம் என்பதை விளங்கிக்கொண்டால், இலங்கையில் செய்தியாளர்களுக்கான நினைவுக் கூட்டங்கள் இன்றைக்கும் ஏன் அரசியலாகவே முடிகின்றன என்பது புரியும்.

2025 மார்ச்சில் பட்டலந்தை வதைமுகாம் பற்றிய ஆணைக்குழு அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டதிலிருந்து 1987–1990 காலம், தெற்கில் ஆயுதக் கிளர்ச்சியும் அதை அடக்கிய வன்முறையும் நடந்த காலம், மறுபடி பேச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்தைப் பேசினால் ரிச்சர்டின் பெயர் வராமல் போகாது. ஆனால் அந்தப் பெயரைக் கேள்விப்படும் இளைய வாசகர்களில் பலருக்கு, பல்லாயிரம் பேர் செத்த காலத்தில் ஒரு செய்தி வாசிப்பாளரின் சாவு மட்டும் எப்படித் தனித்து நின்றது என்பது குழப்பமாகவே இருக்கிறது. அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

ஒரே ஒரு குரல் இருந்த காலம்

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். நிறுவனத்தோடு தொடங்கியது. சில வாரங்களிலேயே அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது, அதுவும் அரசுடையது. தனியார் அலைவரிசைகள் 1990களில்தான் தலைகாட்டின. ஆக, 1980கள் முழுவதும் திரையில் ஒரு முகம் செய்தி வாசித்தால், அந்த வாயிலிருந்து வருவது அரசின் செய்தி. வேறு அலைவரிசைக்கு மாற்றிச் சரிபார்க்க வழி கிடையாது.

இதனால் செய்தி வாசிப்பாளருக்கு இரட்டை நிலை ஏற்பட்டது. பார்ப்பவர்களுக்கு அவர் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்துபோகும் ஆள். அரசுக்கு அவர் தன் வாய். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அன்றைய ஆயுததாரிகளிடம் இருக்கவில்லை.

1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபின், தெற்கில் மக்கள் விடுதலை முன்னணி, அதாவது ஜே.வி.பி., இரண்டாவது முறையாக ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. அரசு ஊடகத்தில் வேலை செய்வதே துரோகம் என்ற மிரட்டல் பரவியது. 1989இன் சில மாதங்களை மட்டும் பாருங்கள். ஜூலையில் ஒலிபரப்புத் துறையின் மூத்த நிர்வாகி தேவிஸ் குருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதக் கடைசியில் வானொலி அறிவிப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி டி அல்விஸ். செப்டெம்பரில் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் சாகரிகா கோமஸ். மூன்று கொலைகளின் பழியும் ஜே.வி.பி. பக்கமே விழுந்தது.

அதற்கு ஐந்து மாதங்கள் கழித்து ரிச்சர்ட் கொல்லப்பட்டபோது சந்தேகம் நேர் எதிர்ப் பக்கத்தை நோக்கித் திரும்பியது. ஒரே தொழில், ஒரே திரை. ஒருவரை அரசின் வாய் என்று கொன்றார்கள், இன்னொருவரை அரசின் வாயாக மட்டும் இருக்க மறுத்ததற்காகக் கொன்றார்கள் என்பதே சந்தேகம்.

யார் இந்த ரிச்சர்ட்?

தந்தை லூசியன் டி சொய்சா சிங்களவர். கிரிக்கெட் வீரர், வர்ணனையாளர், மேடை நடிகர். தாய் மனோராணி தமிழர். ரிச்சர்ட் கல்கிசை புனித தோமையார் கல்லூரியில் படித்தார், ஆங்கில மேடையில் நடித்தார், ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். கொழும்பின் ஆங்கிலம் பேசும் நடுத்தர வர்க்கத்துக்கு நன்கு தெரிந்த முகம், அதைவிட நன்கு தெரிந்த குரல்.

ஆனால் அவருடைய பிழைப்பு வாசிப்போடு முடியவில்லை. ரோமைத் தலைமையகமாகக் கொண்ட இன்டர் பிரஸ் சர்வீஸ் என்ற செய்தி நிறுவனத்தின் கொழும்புப் பொறுப்பாளர் அவர். தெற்கில் வீதியோரங்களில் எரியும் உடல்களைப் பற்றியும், இரவில் இலக்கத் தகடு இல்லாத வாகனங்களில் இளைஞர்கள் ஏற்றிச் செல்லப்படுவதைப் பற்றியும் உள்நாட்டுத் திரையில் வாசிக்க முடியாதவை வெளிநாட்டுக்குச் செய்தியாகப் போயின. அதே நிறுவனத்தின் லிஸ்பன் அலுவலகத்துக்கு அவர் மாற்றலாகிப் போகவிருந்தார்.

கொலைக்குக் காரணமாகப் பலதும் சொல்லப்பட்டது. ஜே.வி.பி.யோடு தொடர்பு என்று அரசுத் தரப்பில் பேசினார்கள். ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவைக் கேலி செய்த மேடை நாடகம் ஒன்றில் அவருக்குக் கை இருந்தது என்ற சந்தேகமே காரணம் என்றார்கள் வேறு சிலர். எதுவும் எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. ‘ஏன் கொன்றார்கள்’ என்ற கேள்வியை விட ‘யார் கொன்றார்கள்’ என்ற கேள்விதான் இங்கே தாயின் கையில் இருந்தது. தாய் கண்ணால் கண்ட சாட்சி.

பெப்ரவரி 18க்குப் பிறகு நடந்தவை

1. 1990 பெப்ரவரி 18, விடிவதற்கு முன். கொழும்பின் புறநகர் ராஜகிரிய, வெலிக்கடவத்தையில் இருந்த வீட்டுக்குள் ஆயுதங்களோடு ஒரு குழு நுழைந்து ரிச்சர்டை இழுத்துச் சென்றது. தாய் பார்த்துக்கொண்டு நின்றார்.

2. மறுநாள் மொரட்டுவைக் கடற்கரையோரம் உடல் கிடைத்தது. சுடப்பட்டிருந்தார்.

3. சில மாதங்கள் கழித்து மனோராணி தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஓர் உயர் பொலிஸ் அதிகாரி தோன்றினார். அன்றிரவு வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் இவர்தான் என்று அடையாளம் கண்டுகொண்டார். சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ரொனி குணசிங்க என்பது அந்த அதிகாரியின் பெயர். மகன் எந்தத் திரையில் செய்தி வாசித்தாரோ, அதே திரையின் செய்தியில்தான் தாய்க்கு இந்த முகம் கிடைத்தது. அதை நீதவானிடம் சொன்னார்.

4. சாட்சியம் போதாது என்ற நிலைப்பாட்டைச் சட்டமா அதிபர் தரப்பு எடுத்தது. அதிகாரி கைதுசெய்யப்படவில்லை. சுயாதீன ஆணைக்குழு வேண்டும் என்ற கோரிக்கைக்கும் அரசு இணங்கவில்லை. மிரட்டல் கடிதம் வந்தது இந்தக் கட்டத்தில்தான். அவருக்காக வழக்காடிய பட்டி வீரக்கோனுக்கும் மிரட்டல் வந்தது.

5. 1993 மே 1 அன்று கொழும்பில் மே தின ஊர்வலத்தில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் பிரேமதாச கொல்லப்பட்டார். அவர் அருகில் நின்ற ரொனி குணசிங்கவும் இறந்தார். குற்றம் சாட்டப்பட்ட மனிதர் மீது வழக்கு நடக்கவே இல்லை. அவர் செய்தார் என்றோ செய்யவில்லை என்றோ நீதிமன்றம் சொல்வதற்கான வாய்ப்பும் அன்றோடு போயிற்று.

6. பல ஆண்டுகள் கழித்து வேறு மூன்று பொலிஸார் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2005 நவம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. அதைக் கேட்க மனோராணி உயிரோடு இல்லை, 2001இலேயே இறந்துவிட்டார்.

மூன்றாவது புள்ளியை மறுபடி வாசியுங்கள். கடிதம் போட்ட கோட்டின் மறுபக்கம் என்ன இருந்தது என்பது அதிலே தெரிகிறது. ஒப்பாரி வைக்கும் தாய் ஆபத்தில்லாதவர். ‘இவன்தான்’ என்று விரல் நீட்டும் தாய் சாட்சி. துக்கம் சாட்சியமாக மாறும் அந்த நொடியைத்தான் கடிதம் எழுதியவர்கள் தடுக்க நினைத்தார்கள்.

‘நான் அதிர்ஷ்டசாலித் தாய்’

மனோராணி சொன்ன ஒரு வாசகம் இலங்கை முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. இலங்கையிலேயே அதிர்ஷ்டமான தாய் நான்தான், என் மகனுடைய உடல் எனக்குத் திரும்பக் கிடைத்தது, ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்பதே அது. கேட்டால் நெஞ்சைப் பிசையும். அதற்குள் ஒரு சட்ட விளக்கமும் இருக்கிறது.

உடல் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு சான்று. சந்தேகத்துக்கிடமான முறையில் ஒருவர் இறந்தால் நீதவான் முன்னிலையில் மரண விசாரணை நடக்க வேண்டும், பிரேத பரிசோதனை நடக்க வேண்டும். குண்டு எங்கே பாய்ந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து, இறந்து எத்தனை மணி நேரம் என்பவை காகிதத்தில் ஏறும். அந்தக் காகிதம் இல்லாமல் கொலை வழக்கு எழும்பாது.

அதனால்தான் 1980களின் இறுதியில் அவசரகால விதிகள் உடலையே குறிவைத்தன. மரண விசாரணை இல்லாமல், உறவினருக்குக் கொடுக்காமல், உடல்களை எரிக்கவோ புதைக்கவோ பொலிஸ் உயர் அதிகாரிகளுக்கு அந்த விதிகள் அதிகாரம் கொடுத்தன. தெற்கின் வீதிகளில் டயர் போட்டு எரிக்கப்பட்ட உடல்கள் அந்தக் காலத்தின் அடையாளமாகிப் போனதற்கு இந்தச் சட்ட வசதியும் ஒரு காரணம். அக்கிளர்ச்சியிலும் அதை அடக்கியதிலும் செத்தவர்கள், காணாமற்போனவர்கள் தொகை 40,000 முதல் 60,000 வரை என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. உடல் இல்லாத இடத்தில் எண்ணிக்கையும் இப்படித்தான், இருபதாயிரம் முன்பின்னாக நிற்கும்.

இரண்டாவது, உடல் என்பது சடங்கின் தொடக்கம். சிங்களக் கிராமத்தில் சாவு விழுந்தால் வீதிக்கு வெள்ளைக் கொடி ஏறும், ஏழாம் நாளையொட்டிப் பிக்கு வந்து பணை என்ற பௌத்த உபதேசம் ஓதுவார், மூன்றாம் மாதம் தானம் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக் கடலில் காரியம். இவையெல்லாம் சாவு நிச்சயமானால்தான் தொடங்கும். உடல் கிடைக்காத தாய்க்குக் கொடியும் இல்லை, பணையும் இல்லை, எட்டும் இல்லை. அந்தக் கடிதம் மனோராணிக்குப் ‘பெருந்தன்மையோடு’ கொடுத்த துக்கம் காக்கும் உரிமை, மற்றத் தாய்மாருக்கு வாய்க்கவே இல்லாத சலுகை. மனோராணி அதை நன்றாகவே விளங்கிக்கொண்டார். கிடைத்த சலுகையோடு வீட்டுக்குள் இருந்துவிட மறுத்தார் என்பதுதான் அடுத்து நடந்தது.

அழுகை வீதிக்கு வந்தபோது

1990 ஜூலையில் மாத்தறையில் தெற்கின் அன்னையர் முன்னணி உருவானது. கட்டியவர்கள் எதிர்க்கட்சியான ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் இரண்டு இளம் பாராளுமன்ற உறுப்பினர்கள்: மங்கள சமரவீர, மகிந்த ராஜபக்ச. தலைமையில் மனோராணி. பிள்ளைகளைத் தொலைத்த கிராமத்துச் சிங்களத் தாய்மாரின் இயக்கத்துக்கு, கொழும்பு மேல்தட்டைச் சேர்ந்த தமிழ் மருத்துவர் ஒருவர் தலைவி. இந்த நாட்டில் அடிக்கடி நடக்கும் காட்சி அல்ல இது.

இங்கே ஒரு வரலாற்றுத் திருத்தமும் தேவை. இந்த யோசனை தெற்கில் பிறந்ததல்ல. 1984இலேயே யாழ்ப்பாணத்தில், நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கொத்தாகக் கைதானபோது, தாய்மார் அன்னையர் முன்னணி என்ற பெயரிலேயே திரண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, ஊர்வலமாகப் போனார்கள். தெற்கின் அமைப்பு ஆறு வருடம் பிந்தியது. தெற்கின் கதையை எழுதுகிறவர்களில் பலர் இதை அடிக்குறிப்பாக மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

1991 பெப்ரவரியில், ரிச்சர்டின் முதலாம் ஆண்டு நினைவையொட்டி, கொழும்பில் தாய்மார் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். ஒரு செய்தி வாசிப்பாளரின் ஆண்டுத் திவசம் பல்லாயிரம் பெயர் தெரியாத இளைஞர்களின் திவசமானது அன்றுதான்.

அரசின் பதில் என்ன? பாதுகாப்பு இராஜாங்க அமைச்சராக இருந்த ரஞ்சன் விஜேரத்ன, தாய்மார் ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது என்றார். பிள்ளைகளை ஒழுங்காகக் கவனித்திருக்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டுவிட்டு இப்போது அழுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். மொட்டைக் கடிதம் போட்ட கோட்டைத்தான் இவரும் போட்டார், கையெழுத்தோடு. தாயின் இடம் வீடு, தாயின் வேலை அழுவது, அதுவும் தன் பிழைக்காக. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே விஜேரத்ன கொழும்பில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்.

அரசுக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அவசரகால விதிகளின் கீழ் ஆர்ப்பாட்டத்தைத் தடுக்கலாம், தொழிற்சங்கத்தைக் கலைக்கலாம், மாணவர் சங்கத்தை உள்ளே தள்ளலாம். அழுதுகொண்டு நிற்கும் ஒரு கூட்டம் கிழவிகளை என்ன செய்வது? ‘தாய் அழத்தான் வேண்டும்’ என்று சொன்னதே அவர்கள்தானே. அடித்தால் படம் பத்திரிகையில் வரும், விட்டால் கூட்டம் பெருகும்.

முகத்துவாரம் காளி

சட்டம் கதவடைத்ததும் தாய்மார் வேறொரு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992 ஜூன் 23, பிரேமதாசவின் பிறந்த நாள். ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி அவர் கம்உதாவ என்ற கிராம எழுச்சி விழாவைக் கோலாகலமாக நடத்துவார். அன்று அன்னையர் முன்னணித் தாய்மார் கொழும்பு முகத்துவாரத்திலுள்ள காளி கோயிலில் கூடினார்கள். தேங்காய் உடைத்தார்கள். மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தார்கள், ஜனாதிபதியின் பெயரைச் சொல்லியே. இந்தத் தேங்காய் சிதறுவது போல உன் தலையும் சிதறட்டும் என்று.

கோயில் இந்துக் கோயில், சபித்தவர்கள் பெரும்பாலும் சிங்களப் பௌத்தர்கள். சிங்களக் கிராமங்களில் காளியிடம் முறையிடுவது புதிதல்ல. நீதி கிடைக்காதவர்கள் கடைசியாகப் போகும் வாசல் அது. புதிது என்னவென்றால், முறையீடு கூட்டமாக, பகலில், புகைப்படக்காரர்கள் முன்னிலையில் நடந்தது. ஒப்பாரி இறந்தவரை நோக்கிப் பாடுவது. சாபம் உயிரோடு இருப்பவரை நோக்கி எறிவது. கடிதம் அனுமதித்த துக்கம் முதலாவது. இரண்டாவதை அது எண்ணிப் பார்க்கவில்லை. அவதூறு வழக்குப் போட முடியாத, தணிக்கை செய்ய முடியாத ஒரே பேச்சு வடிவம் சாபம்.

பத்து மாதங்கள் கழித்துப் பிரேமதாச கொல்லப்பட்டபோது, தாய்மாரில் பலர் அதைக் காளியின் கணக்கிலேயே எழுதினார்கள். அரசியல் கணக்கு வேறு. கொன்றது விடுதலைப் புலிகள் என்று விசாரணை சொன்னது. ஆனால் துக்கத்தின் வரலாற்றை எழுதும்போது தாய்மார் எதை நம்பினார்கள் என்பதும் ஒரு செய்திதான்.

அறுவடை யாருக்கு?

1994இல் ஆட்சி மாறியது. அன்னையர் முன்னணியை மேடையேற்றிய கட்சி அதிகாரத்துக்கு வந்தது. காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. சாட்சியங்கள் மலையாகக் குவிந்தன. தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர். அமைப்பு மெல்ல மங்கிப்போனது. அதன் கண்ணீரைக் கட்சி பயன்படுத்திக்கொண்டது என்ற விமர்சனம் நியாயமானதே. தாய்மார் மட்டும் வெறும் கருவிகளாக இருந்தார்கள் என்று சொல்வதும் சரியில்லை. அவர்களுக்கு அன்று வேறு எந்த மேடையும் இருக்கவில்லை.

நாட்காட்டி சில வேளை மனிதரைவிடக் கூர்மையாகக் கிண்டல் செய்யும். ரிச்சர்ட் வழக்கில் மூவரும் விடுதலையானது 2005 நவம்பர் 9. அன்னையர் முன்னணியைக் கட்டியவர்களில் ஒருவரான மகிந்த ராஜபக்ச வென்ற ஜனாதிபதித் தேர்தல் நடந்தது அதே மாதம் 17ஆம் திகதி. 1990இல் காணாமற்போனவர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்டு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிறுத்திச் சோதனையிடப்பட்டவர் அவர். அவருடைய ஆட்சியில், 2009 ஜனவரி 8 அன்று பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டார். 2010 ஜனவரி 24 அன்று கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமற்போனார். ஊடகத்தார் ஜனவரியைக் கறுப்பு ஜனவரி என்று அனுசரிப்பது இவை போன்ற சம்பவங்களால்தான்.

பிரகீத்தின் மனைவி சந்தியா 2022 ஜனவரியில், பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்த நிலையில், தலையை மொட்டையடித்துக்கொண்டார். இடம்: முகத்துவாரம் காளி கோயில். முப்பது ஆண்டுக்குள் அதே வாசல், அதே தேவி, வேறொரு ஜனாதிபதி. அந்த நேரத்து ஜனாதிபதி மகிந்தவின் தம்பி.

தெரிந்த முகமும் தெரியாத முகமும்

ரிச்சர்டின் சாவு ஏன் தனித்து நின்றது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் கசக்கும். அவர் முகம் திரையில் தெரிந்த முகம். ஆங்கிலம் பேசியவர். வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தில் நண்பர்கள் இருந்தார்கள். தாய் மருத்துவர், நீதவானிடம், தூதரகத்திடம், மனித உரிமை அமைப்பிடம் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அறிந்தவர். தங்கல்லையில் டயரில் எரிந்த இளைஞனின் தாய்க்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இதை ரிச்சர்டின் குறையாகச் சொல்லவில்லை. தொலைக்காட்சி துக்கத்தைச் சமமாகப் பங்கிடுவதில்லை. எந்த அலைவரிசை, எந்த மொழி, யாருடைய வீட்டுக் கூடம் என்பதைப் பொறுத்துத்தான் ஒருவருடைய சாவு ‘நம் வீட்டுச் சாவு’ ஆகிறது.

தமிழ்ப் பக்கத்தில் இரண்டு உதாரணம் போதும். சக்தி, சிரச தொலைக்காட்சிக் குழுமத்தின் யாழ்ப்பாணச் செய்தியாளர் தேவகுமார் 2008 மே மாதம் வீடு திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொழும்பில் அவர் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

மற்றவர் இசைப்பிரியா. விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி வழங்கியவர், செய்தி வாசித்தவர். 2009 மே 18 அன்று சண்டையில் இறந்தார் என்று இராணுவம் சொன்னது. 2013 நவம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய காணொளியில் அவர் உயிரோடு படையினர் கையில் இருந்தார். ஒரே பெண்ணின் முகம் ஒரு சமூகத்துக்கு வீட்டுப் பிள்ளை, இன்னொரு சமூகத்துக்குப் போர்ப் பட்டியலில் ஒரு வரி. ரிச்சர்டுக்காகக் கொழும்பில் கூட்டம் நடத்த முடிந்தது. வடக்கில் மே மாதம் விளக்கேற்றுவதற்கே பல ஆண்டுகள் நீதிமன்றத் தடையையும் புலனாய்வாளர்களின் கமராவையும் தாண்ட வேண்டியிருந்தது. தெற்குக்குப் போட்ட கோடு கண்ணீரைத் தாண்டி இருந்தது. வடக்குக்குப் போட்டது கண்ணீருக்கு முன்னாலேயே.

துக்கம் காக்க மறுப்பவர்கள்

இனி, கதை தலைகீழாகும் இடம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் பந்தல் எழுந்தது. போரின் கடைசி நாட்களில் படையினரிடம் தம் கையால் ஒப்படைத்த பிள்ளைகளைக் கேட்கிறார்கள் அவர்களில் பலர்.

அரசு அவர்களிடம் நீட்டியவை மூன்று:

1. காணாமல்போனோர் அலுவலகம். சட்டம் 2016இல் வந்தது, இயங்கத் தொடங்கியது 2018இல். தேடும் அதிகாரம் உண்டு. வழக்குப் போடும் அதிகாரம் இல்லை.

2. சான்றிதழ். மரணச் சான்றிதழ் எடுக்கலாம். அதற்கு மனம் இல்லாதவர்கள், ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெறலாம். காணாமற்போனவரின் சொத்துகளைத் தற்காலிகமாக நிர்வகிக்க இது உதவும்.

3. பணம். 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. போராடும் அமைப்புகள் வேண்டாம் என்றன.

2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், தேவையான விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்றார். யார் கொன்றது, எங்கே, எப்போது, உடல் எங்கே என்ற எதுவும் அதில் இல்லை. 1990இன் கடிதத்தில் இருந்த அதே யோசனைதான், அலுவலக மொழியில்: துக்கம் காத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மனோராணி அழுதுகொண்டே கோட்டைத் தாண்டினார். வன்னித் தாய்மார் அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தையே ஏற்க மறுக்கிறார்கள். அழுவது என்றால் இறந்ததை ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொண்டால் கோப்பு மூடப்படும். ஆகவே அவர்கள் கையில் இருப்பது மாலை போட்ட படம் இல்லை, பாடசாலைச் சீருடையிலும் கல்யாணப் பட்டுச்சேலையிலும் பிள்ளைகள் நிற்கும் சாதாரணப் படங்கள், மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டவை. காத்திருந்த பெற்றோரில் பலர் இதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்களுக்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முறைப்படி நடந்தன. அவர்கள் தேடிய பிள்ளைகளுக்கு இன்னும் நடக்கவில்லை. கணவரைத் தேடும் பெண்கள் காலையில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு பந்தலுக்கு வருகிறார்கள்.